முந்நூற்றுப் பத்து

போயா நாள். மிருக வைத்தியசாலைக்குப் பூட்டு.
நிஸ்ஃபரின் ஓட்டோ என் படலைக்கு வந்தது.
முன் சீட்டில், சுருட்டிய பனியனுக்குள்,
ஓர் ஆலா.

கேக் அடிக்கிறவளிட்ட ஏன் கொண்டுவந்தனீ என்றேன்.
போன வருசம் காகத்துக்குக் கட்டுப் போட்ட அக்கா
நீங்கதானே என்றான்.
அந்தக் காகம் மூன்றாம் நாள் செத்தது.
அவனுக்கு யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

இடது செட்டையில் தூண்டில்.
தங்கூசி கழுத்தைச் சுற்றி இரண்டு தரம்,
காலைச் சுற்றி எத்தனை தரமோ.
மஞ்சள் அலகு திறந்தபடி.
சத்தம் இல்லை.
உப்புவெளிக் கரையில் இழுபட்டுக் கிடந்ததாம்.
இரண்டு நாய்கள், அவசரமில்லாமல்,
பார்த்துக்கொண்டு இருந்தனவாம்.

மாதுமை டொக்டர் போனில் சொன்னார்:
தண்ணி பருக்காதே, மூச்சுக்குழலுக்குள்ள போயிடும்.
பாண் வேண்டாம்.
கண்ணை மூடு, பெட்டியை இருட்டாக்கு, சூடு வை.
கதைக்காதே.
கதைக்கவும் கூடாதா?
உன்ர குரல் அதுக்குப் பூனையின்ர குரல்.

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று
சொல்லிச் சொல்லித்தான்
எனக்கு ஆறுதல்படுத்தத் தெரியும்.
பீட்டரை நிற்பாட்டினேன்.
யாரோ ஒரு பிள்ளையின் ஏழாவது பிறந்தநாள்
மாவும் முட்டையுமாய்ப் பாதியில் கிடந்தது.

முள்ளை வந்த வழியே இழுத்தால் சதை கிழியும்.
முன்னுக்குத் தள்ளு, தலை வெளியே வரட்டும்,
தலையை வெட்டு,
பிறகு எடு.
டீசல் மணக்கும் நிஸ்ஃபரின் குறட்டைக்
கொதிநீரில் போட்டு எடுத்து வெட்டினோம்.
அவன் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.
ஒன்பதாம் நம்பர்.
எங்கட காக்காவும் இதுதான் பாவிக்கிற.
வேறொன்றும் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கேக் தராசில் துவாயோடு வைத்தேன்.
துவாயைக் கழித்தால் இருநூற்று நாற்பது.
முந்நூறு தாண்டாமல் விடாதே என்றார் டொக்டர்.

கீரிமீனைத் தலைப்பக்கமாய் நீட்ட வேண்டும்.
வால்பக்கமாய் நீட்டினால் துப்பிவிட்டு
என் விரலைத் தின்னப் பார்க்கும்.
இருநூற்று முப்பத்தாறு.
இருநூற்று ஐம்பத்தொன்று.
எட்டாம் நாள் கட்டை அவிழ்த்தபோது
செட்டை, கொடியில் மறந்துபோன சட்டைபோலத் தொங்கியது.
பெயர் வைக்கவில்லை. வைத்தால் கூப்பிடுவேன்.

தொடமுன் மூன்று தரம் சவர்க்காரம்.
என் கையில் எப்போதும் மாஜரின்.
இறகில் கொழுப்புப் பட்டால் நீர் உள்ளே இறங்கும்,
கடலில் இருந்த இடத்திலேயே நனைந்து தாழும் என்றார்.
இருபது வருசம் சோறு போட்ட கை.
நகக்கண் எரியத் தேய்த்தேன்.

இருநூற்று அறுபத்தெட்டு. மறுநாளும் அறுபத்தெட்டு.
அதற்கு மறுநாளும்.
குளியலறை அதனுடையது; நாங்கள் கிணற்றடியில் குளித்தோம்.
கதவு இடுக்கால் பார்த்தேன்:
வாளி விளிம்பிலிருந்து குழாய்க்கு,
குழாயிலிருந்து சுவருக்கு, சுவரில் மோதித் தரைக்கு.
திரும்பவும் வாளி விளிம்புக்கு.

இருபத்துமூன்றாம் நாள் முந்நூற்றுப் பத்து.

கரையில் பெட்டியைக் காற்றுக்கு முகமாய்த் திறந்தேன்.
நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
நிஸ்ஃபர் ஏதோ சொல்ல வாயெடுத்தான், உதட்டில் விரல் வைத்தேன்.
அவன் செருப்பில் எச்சமிட்டுவிட்டு
எழும்பியது.
பதிவாய், கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து.
நங்கூரமிட்ட வள்ளத்தின் விளிம்பில் நாற்பது ஆலாக்கள்,
நாற்பதும் காற்றைப் பார்த்தபடி.
எது எங்கட என்று கேட்டான்.
எனக்குத் தெரியவில்லை.

அறுந்த தங்கூசியைக் கடலில் எறியாமல்
காக்கா இப்போது போத்தலில் போடுகிறாராம்.
நான் நம்பவில்லை.
போன கிழமை ஒரு போத்தல் வந்தது, பாதி நிறைந்து.

பெட்டி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது, துவாயும்.
சீனி நிறுக்கும்போது சில நாள்
முந்நூற்றுப் பத்தில் கை நின்றுவிடுகிறது.
கேக்குக்கு இன்னும் நாற்பது வேண்டும்.